கோவையில் வாடகை வீடு: அட்வான்ஸைக் கையில் எடுப்பதற்கு முன்

கோவைக்கு வேலை கிடைத்து வருகிறீர்கள். ஆபீஸ் கீரணத்தத்திலோ சரவணம்பட்டியிலோ பீளமேட்டு டைடல் பார்க்கிலோ இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸாகவும் இருக்கலாம். வந்த வாரமே வீடு பிடித்து, பால் காய்ச்சி, ஃபேமிலியைக் கூட்டி வந்துவிடத் துடிப்பீர்கள். அந்த அவசரம்தான் இங்கே அதிகம் செலவு வைக்கிறது. முதல் இரண்டு வாரம் ஹாஸ்டலிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்கிக்கொண்டு தேடுங்கள். இரண்டு வார ஹாஸ்டல் காசு, தப்பான வீட்டில் மாட்டி ஆறு மாதத்தில் மறுபடி காலி செய்யும் செலவில் கால்வாசிகூட ஆகாது.

1. வீட்டுக்கு முன்னால் ரோட்டைப் பாருங்கள்

கோவையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் ஏமாந்துபோவீர்கள். எந்த ரோடு, எந்தத் திசை, எந்த நேரம் என்பதுதான் கணக்கு. சத்தி (சத்தியமங்கலம்) ரோட்டில் கணபதி தாண்டுவதற்குள் காலையில் பொறுமை போய்விடும். ஆபீஸ் சரவணம்பட்டியில் என்றால் கணபதிக்கு வடக்கே இருக்கப் பாருங்கள். குரும்பபாளையம், கோவில்பாளையம், காளப்பட்டி, வெள்ளக்கிணறு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். "காந்திபுரத்துக்குப் பக்கம்" என்று புரோக்கர் சொல்வது உங்களுக்கு ஒரு சௌகரியமே இல்லை.

அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை மேம்பாலம் வந்த பிறகு, நீலாம்பூர், சின்னியம்பாளையம் பக்கத்திலிருந்து ஊருக்குள் வருகிறவர்களுக்கு நேரம் மிச்சம். காளப்பட்டியிலிருந்து சரவணம்பட்டி போகிறவருக்கு அதனால் எதுவும் மாறவில்லை. "மேம்பாலம் வந்துருச்சுங்க, அதான் வாடகை ஏத்தியிருக்கோம்" என்று சொல்லும் வீட்டில், அந்தப் பாலம் உங்கள் வழியில் வருகிறதா என்று முதலில் யோசியுங்கள்.

திருப்பூரில் வேலை, வீடு கோவையில் என்றால் ரயில்தான் வழி. பீளமேடு, சிங்காநல்லூர், இருகூர், சோமனூர் ஸ்டேஷன்களுக்குப் பக்கத்தில் பார்க்கலாம். ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டிகள் பெரும்பாலும் இந்தச் சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. உங்கள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு பாசஞ்சர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வீடு தேடுங்கள்.

தள்ளிப் போனால் வாடகை குறையும், உண்மைதான். ஒரு கணக்குப் போடுங்கள். கீரணத்தம் பக்கம் 15,000, அன்னூரில் 10,000 என்று வைத்துக்கொள்வோம். அன்னூரிலிருந்து சரவணம்பட்டிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். போய்வர 40, மாதம் 25 நாளுக்கு 1,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கொடுக்கும் பைக்குக்கு 22 லிட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 2,200. கணவன் மனைவி இருவருக்கும் ஆளுக்கொரு வண்டி என்றால் 4,400. மிச்சம் பிடித்த 5,000-ல் டயர் தேய்மானத்துக்குக்கூட மீதி வராது. ஒருவர் மட்டும் வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அன்னூர் லாபம். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால், அந்த பஸ் ஓடும் வழியில் வீடு அமைந்தால் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும்.

2. தேடும் மாதம்

ஆடியிலும் மார்கழியிலும் இந்தப் பக்கம் யாரும் குடி போக மாட்டார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை காலியாகக் கிடக்கும் வீட்டுக்காரர் பேச்சுக்கு இறங்கி வருவார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. நம்பிக்கை உண்டென்றால் ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் தேதியில் பால் காய்ச்சிக்கொள்ளலாம். மே, ஜூன் ஸ்கூல் சீசன். அப்போது காலையில் பார்த்த வீடு மாலைக்குள் போய்விடும், வாடகையும் குறையாது.

3. போனில் முதல் இரண்டு நிமிஷம்

"ஏனுங்க, ஃபேமிலிங்களா? எத்தன பேருங்க? எந்த ஊருங்க?" இந்த மூன்றும் வரும். நான்காவதாக "சைவமா அசைவமா" வரும். ஐந்தாவது, "நீங்க என்ன ஆளுங்க" என்று சுற்றி வளைத்து வரும். அது சாதியைத்தான் கேட்கிறது. அப்படிக் கேட்கும் வீட்டில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். குடி போன பிறகும் அந்தக் கேள்வி வேறு வேறு உருவத்தில் வந்துகொண்டே இருக்கும்.

நீங்கள் பதிலுக்குக் கேட்க வேண்டியவை: அட்வான்ஸ் எத்தனை மாதம், மெயின்டனன்ஸ் தனியா, வீட்டுக்குத் தனி ஈபி மீட்டரா, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம், கார் உள்ளே நிற்குமா. இந்த ஐந்துக்கும் போனிலேயே பதில் வாங்கினால் பாதி வீடுகளுக்குப் போகவே வேண்டியிருக்காது. பேச்சிலர் என்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபேமிலி என்று சொல்லி உள்ளே போனவர்களை மூன்றாம் மாதம் காலி பண்ணச் சொல்வது இங்கே சகஜம்.

விளம்பரத் தளங்களில் ஒரு மோசடி ஓயாமல் நடக்கிறது. நல்ல போட்டோ, அநியாயத்துக்குக் குறைந்த வாடகை, ஓனர் "ராணுவத்தில் இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆகிட்டேன்" என்பார். வீட்டைப் பார்க்கவே டோக்கன் அட்வான்ஸ் கேட்டு கியூஆர் கோடு அனுப்புவார். சாவி கைக்கு வராமல், உள்ளே காலடி வைக்காமல், ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

4. தண்ணீர்: இதில் அரை மணி நேரம் செலவிடுங்கள்

சிறுவாணித் தண்ணீருக்குப் பேர் போன ஊர்தான். அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வருகிறதா என்பது வேறு விஷயம். ஒரு பகுதிக்கு சிறுவாணி, இன்னொன்றுக்கு பில்லூர் அணைத் தண்ணீர், வெளிப்புறத்தில் போர் தண்ணீரும் லாரியும்தான். "கார்ப்பரேஷன் தண்ணி இருக்குங்க" என்று சொன்னால் அது முழுப் பதில் இல்லை. எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும், எத்தனை மணி நேரம் வரும், சம்ப்பில் நேராக விழுமா, குடம் வைத்துப் பிடிக்க வேண்டுமா என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள். நடுச்சாமம் இரண்டு மணிக்கு வரும் தண்ணீரைப் பிடிக்க யார் எழுந்திருப்பது என்பதும் வீட்டுச் செலவுதான்.

வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, கீழ்வீட்டு அக்காவிடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் நம்பலாம்.

போர் தண்ணீரைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பாத்ரூமுக்குள் போய் ஷவர் தலையைத் திருகி இறக்கிப் பாருங்கள். துளைகளைச் சுற்றி வெள்ளையாக, சுண்ணாம்பு காய்ந்த மாதிரி பொருக்கு இருக்கும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிர்ந்தால் பரவாயில்லை. கல்லாக ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் உங்கள் கெய்சர் காயிலும் வாஷிங் மெஷினும் அந்தத் தண்ணீரில் ரொம்ப நாள் தாங்காது. அடுத்து, கையில் கொஞ்சம் சோப்பு போட்டுத் தேயுங்கள். நுரையே வராமல் பிசுபிசுத்தால் உப்புத் தண்ணீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 2,000-க்கு மேல் காட்டும் வீட்டில் துணி துவைப்பதே பெரும்பாடு. திருப்பூரில் நொய்யல் கரையை ஒட்டிய பகுதிகளில் மீட்டர் இல்லாமல் வீடு பார்க்கப் போகாதீர்கள்.

கோடையில் லாரித் தண்ணீர் வாங்குவார்களா, அந்தக் காசை வீடுவாரியாகப் பிரிப்பார்களா, தலைவாரியாகவா என்பதையும் இப்போதே கேளுங்கள். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஆறு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒரே பங்கு போடும் காம்பவுண்டில் மார்ச் மாதம் சண்டை நிச்சயம்.

மழையையும் பார்த்துவிடுங்கள். சங்கனூர் பள்ளம் போன்ற ஓடைகளை ஒட்டிய தாழ்வான தெருக்களில், மதில் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிய கோடு தெரிகிறதா என்று பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் பக்கத்து வீட்டு மதிலைப் பாருங்கள். ஐப்பசி மழையில் லங்கா கார்னர், கிக்கானி பள்ளி அருகே உள்ள ரயில் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றுவிடும். தினமும் அந்த வழி போகிறவர்கள் மாற்று வழியையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

5. ஈபி மீட்டர்

வாடகைக்கு அடுத்தபடி ஏமாறும் இடம் இதுதான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறி பில் சட்டென்று ஏறும். தனி மீட்டர் இருந்து, இரண்டு மாதத்தில் 200 யூனிட் எரித்தால் பில் 300 ரூபாயைத் தாண்டாது. அதே 200 யூனிட்டை வீட்டுக்காரரின் சப் மீட்டர் வழியாக யூனிட் 8 ரூபாய் என்று எரித்தால் 1,600. வருஷத்துக்கு ஆறு பில். வித்தியாசம் ஏழாயிரத்தைத் தாண்டும். மாத வாடகையில் 600 ரூபாய் கூடுதலாகச் சொல்லி, தனி மீட்டரோடு கொடுக்கும் வீடு இதைவிட மலிவு.

புது வீடுகளில் இன்னொரு பொறி உண்டு. கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றாமலே வாடகைக்கு விட்டிருப்பார்கள். அந்த டேரிஃபில், அதாவது கட்டண வகையில், இலவச யூனிட் கிடையாது, யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல் போகும். வீடு பளபளவென்று இருப்பதால் யாரும் மீட்டரைப் பார்ப்பதில்லை. ஈபி கார்டையோ பழைய ரசீதையோ வாங்கி, டேரிஃப் என்ற இடத்தில் 1ஏ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 1ஏ என்றால்தான் வீட்டு இணைப்பு.

அந்தக் கார்டில் இருக்கும் மின் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோவை மண்டல எண்கள் 03-ல் தொடங்கும். பணம் கட்டும் ஆப் எதிலாவது அந்த எண்ணைப் போட்டால், யார் பெயரில் இணைப்பு, பாக்கி எவ்வளவு என்று வந்துவிடும். உங்களிடம் பேசுகிறவர் பெயரும் அந்தப் பெயரும் வேறாக இருந்தால், "இது யாருங்க?" என்று கேளுங்கள். அப்பா பெயர், மாமனார் பெயர் என்பார்கள், பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அடுத்த படியைத் தாண்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

6. வீடு அவருடையதுதானா?

மூன்று காகிதம் போதும்: ஈபி ரசீது, சொத்து வரி ரசீது, ஓனரின் ஆதார். மூன்றிலும் ஒரே பெயர், முதல் இரண்டிலும் ஒரே கதவு எண் இருக்க வேண்டும். பெயர் மாறினால் உறவைக் காட்டும் ஏதாவது ஒரு சான்று, அல்லது பவர் பத்திரத்தின் நகல் கேளுங்கள். சொத்தின் மேல் அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றை, பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணும், வீடு எந்தக் கிராமம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வருகிறது என்பதும் தெரிந்தால் போதும். சாதாரண வாடகைக்கு இவ்வளவு தேவையா என்றால், அட்வான்ஸ் 50,000-க்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம். அதற்கு மேல் என்றால் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

போக்கியம் என்றால் வில்லங்கத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். வாடகை இல்லை, ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு மூன்று வருஷம் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்வது. கேட்க இனிக்கும். ஆனால் அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்தான் போக்கியத்துக்கு விடுகிறார். வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், தவணை தவறியதும் ஏல நோட்டீஸ் உங்கள் கதவில் ஒட்டப்படும். போக்கியப் பத்திரத்தைப் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். எட்டு லட்சத்துக்கு 40,000. இந்தக் காசுக்குப் பயந்து வெறும் பத்திரத்தாளில் எழுதிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிறது. "பதிவெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதானுங்க" என்று சொல்பவரிடம் எட்டு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். வாடகைக்கே இருங்கள்.

7. அட்வான்ஸும் மொத்தத் தொகையும்

2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. அந்த "வேறு ஒப்பந்தம்" என்ற வாசல் வழியாகத்தான் ஐந்தும் பத்தும் உள்ளே வருகிறது. சட்டம் தெரியும் என்று காட்டிக்கொண்டு சண்டைக்குப் போகாமல், "மூணு மாசம்தானுங்க சட்டப்படி, நாலு தர்றேன்" என்று பேசுங்கள். சில வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள்.

வாடகை 15,000, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 75,000. முதல் மாத வாடகை 15,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை 15,000. சாமான் ஏற்றும் முன்பே 1,05,000 கையில் வேண்டும். புரோக்கர் கமிஷனை அக்ரிமென்ட் கையெழுத்தான பிறகு கொடுங்கள். வீட்டைக் காட்டியதற்கே காசு கேட்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். போர்டு தொங்கும் தெருக்களில் ஞாயிறு காலை நடந்தே சுற்றினால் புரோக்கர் இல்லாமலும் வீடு அமையும்.

அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் அனுப்புங்கள். "பாதி கேஷா குடுங்க" என்றால் அந்தப் பாதிக்கும் ரசீது எழுதி வாங்குங்கள்.

8. அக்ரிமென்ட்

11 மாத அக்ரிமென்ட் போடுவது வழக்கம். ஒரு வருஷத்தைத் தாண்டினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு கட்டாயமாகிவிடும் என்பதுதான் காரணம். 11 மாதமே என்றாலும், வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகாரியிடம் இணையதளம் வழியாகப் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதைச் செய்வதில்லை. "நானே விண்ணப்பிக்கிறேனுங்க" என்று சொல்லிக் கையெழுத்து மட்டும் கேளுங்கள். பின்னால் தகராறு வந்தால் அந்த எண்தான் கைகொடுக்கும்.

டைப் அடிக்கும் கடையில் ஒரே மாதிரியில் அச்சடித்துக் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் இவற்றைத் தேடிப் படியுங்கள்:

பெயிண்ட் காசு. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் வீட்டுக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கெய்சர் ரிப்பேர் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அக்ரிமென்டில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் நிற்கும். ஆகவே அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால் தொகையையாவது ரூபாயில் எழுதுங்கள். "தேவையான அளவு" என்று மட்டும் விடாதீர்கள்.

வாடகை ஏற்றம். 11 மாதம் முடிந்ததும் எத்தனை சதவீதம் என்பது எண்ணாக இருக்க வேண்டும்.

நோட்டீஸ். உங்களுக்கு இரண்டு மாதம் என்றால் அவருக்கும் இரண்டு மாதம். உங்களுக்கு மட்டும் எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் காலி செய்தால் ஒரு மாத வாடகை போய்விடும் என்ற வரி எங்காவது ஒளிந்திருக்கும்.

மோட்டார் கரன்ட், மாடிப்படி விளக்கு, தண்ணீர்த் தொட்டி கழுவும் செலவு யாருடையது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னக் காசுதான். ஆனால் மாதாமாதம் மனஸ்தாபம் இதில்தான் வருகிறது.

வருமான வரியில் பழைய முறைப்படி வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்பவர்களுக்கு ஒன்று: வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் எண் தேவை. மாதம் 8,333-க்கு மேல் என்றாலே தாண்டிவிடும். பான் தர மாட்டேன் என்பதை டிசம்பரில் கண்டுபிடித்துப் பயனில்லை, அக்ரிமென்டிலேயே எழுதி வாங்குங்கள்.

நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: ஆதார், பான், கம்பெனி அடையாள அட்டை, இரண்டு போட்டோ. போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க ஒரு விவரப் படிவம் கேட்டால் நிரப்பிக் கொடுங்கள், அதில் தப்பில்லை. அசல் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

9. சாவி வாங்கும் நாள்

சாமான் உள்ளே வருவதற்கு முன் வீடு காலியாக இருக்கும்போதே, ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள். டைல்ஸ் விரிசல், சீலிங்கில் ஈரம், உடைந்த கொக்கி எல்லாம் தெரிய வேண்டும். மீட்டர் ரீடிங்கைத் தனியாக ஒரு போட்டோ. இரண்டையும் அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு அங்கே கிடக்கட்டும். ஈபி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், முந்தைய குடியின் பாக்கி யூனிட்டை முதல் பில்லில் கழித்துக்கொள்ள இந்தப் போட்டோ வேண்டும்.

10. காலி செய்யும்போது

அட்வான்ஸைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். "அடுத்த குடி வரட்டுங்க, வாங்கித் தர்றேன்" என்பது வழக்கம். இதற்குப் பயந்து பலரும் கடைசி இரண்டு மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் அட்வான்ஸில் கழித்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் நல்ல வழிதான், ஆனால் அந்தச் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் அதுவே வாடகை பாக்கி என்று உங்கள் மேல் திரும்பும்.

நோட்டீஸைப் போனில் சொல்லிவிட்டு, அதையே வாட்ஸ்அப்பிலும் தேதி போட்டு அனுப்புங்கள். கேஸ் இணைப்பை மாற்ற ஏஜென்சியில் ஒரு வாரம் முன்பே சொல்லிவையுங்கள். சாவியைக் கொடுக்கும் அன்று மீட்டரை மறுபடி போட்டோ எடுத்து, பாக்கி யூனிட்டுக்கு அங்கேயே கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். மிச்ச அட்வான்ஸ் எவ்வளவு, என்றைக்குத் தருவார் என்று ஒரு வரி எழுதி வாங்கிய பிறகு கடைசிச் சாவியைக் கொடுங்கள்.